மட்டிலிருந்து அஞ்சல் வெளியே போகும் வழி: நேரடி எஸ்எம்டிபி, எம்எஸ்எம்டிபி, போஸ்ட்ஃபிக்ஸ் மூன்றையும் அமைத்துப் பார்த்த குறிப்புகள்

முனையத்தில் ஓடும் மட் என்ற அஞ்சல் நிரலில் கடிதத்தை எழுதி முடித்து ஒய் விசையைத் தட்டியதும், அஞ்சல் போய்விட்டது என்று கீழே ஒரு வரி வருகிறது. அந்த வரிக்கு என்ன பொருள் என்பது, மட் அந்தக் கடிதத்தை யாரிடம் ஒப்படைக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓர் அமைப்பில், வெளியே உள்ள சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டது என்று பொருள். இன்னோர் அமைப்பில், இதே கணினியின் வட்டில் கடிதம் ஒரு கோப்பாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவதை முதலாவது என்று நம்பிக்கொண்டிருந்தால், கடிதம் போகவில்லை என்பது ஐந்து நாள் கழித்துத் தெரியவரலாம். சில சமயம் அப்போதும் தெரியாது. ஏன் என்பது போஸ்ட்ஃபிக்ஸ் பகுதியில் வருகிறது.

சோதித்தது டெபியன் வழி லினக்ஸ் ஓடும் ஒரு மடிக்கணினியில். அஞ்சல் கணக்கு வெளியே ஒரு சேவையில் இருக்கிறது. அனுப்புவதற்கென்று அந்தச் சேவை ஒரு சர்வர் தருகிறது. அதனோடு பேசும் மொழிதான் எஸ்எம்டிபி. அஞ்சல் அனுப்பும் நிரல்கள் மூன்று: கையால் எழுதும் கடிதங்களுக்கு மட், பேட்ச் எனும் நிரல் திருத்தங்களை அனுப்ப கிட், குறித்த நேரத்தில் தானே ஓடும் இரவு வேலைகளின் வெளியீட்டை அனுப்ப கிரான். அமைப்புச் சொற்களை இங்கே ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறோம். கோப்பில் இடும்போது மூல எழுத்துக்கூட்டலும் அடிக்கோடும் பிசகாமல் இருக்க வேண்டும்.

எதையும் நிறுவும் முன், கையால் ஒரு பேச்சு

அனுப்பும் சர்வருக்கு வழக்கமாக இரண்டு போர்ட் (இணைப்பு வாயில் எண்) உண்டு. 465இல் இணைப்பு கிடைத்த கணமே டிஎல்எஸ் எனும் மறைகுறியாக்கம் தொடங்கிவிடும். 587இல் முதலில் வெறும் பேச்சு நடக்கும். ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று கேட்ட பிறகுதான் மறைகுறியாக்கம். 587ஐப் பயனர்கள் அஞ்சல் ஒப்படைக்கவென்று தனியாகப் பிரித்தது 1998இல். 2018இல் வந்த ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தர ஆவணம், தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் பேசும் 465 முறையைப் பரிந்துரைத்தது. சர்வரில் இரண்டும் திறந்திருந்தால் 465ஐ எடுங்கள். வழியில் நிற்கும் யாரோ ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற வரியை மட்டும் நீக்கிவிட்டு ஏமாற்றும் வேலை அங்கே நடக்காது.

25 என்பது சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே உள்ள போர்ட். மடிக்கணினியிலிருந்தே பெறுநரின் சர்வருக்கு 25 வழியாக நேராக அனுப்பலாமே என்ற யோசனை எல்லோருக்கும் ஒருமுறை வரும். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் 25 அடைக்கப்பட்டிருக்கும். அடைக்காவிட்டாலும் அந்த ஐபி முகவரி தடைப்பட்டியலில் இருக்கும், தலைகீழ் டிஎன்எஸ் பெயர் பொருந்தாது, அந்த அஞ்சல் முகவரியின் பெயரில் அனுப்ப இந்தக் கணினிக்கு உரிமை உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையும் தோற்கும். அந்த வழியை இத்துடன் விட்டுவிடுகிறோம்.

முதல் சோதனைக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியின் எஸ்_கிளையண்ட் போதும். கனெக்ட் விருப்பத்தோடு சர்வர் பெயரும் 465உம் கொடுங்கள். கூடவே சிஆர்எல்எஃப், குவயட் என்ற இரண்டு விருப்பங்களையும் சேருங்கள். 587 என்றால் 'ஸ்டார்ட்டிஎல்எஸ் எஸ்எம்டிபி' என்பதும் வேண்டும். குவயட்டை விட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். பெறுநரைச் சொல்லும் ஆர்சிபிடி கட்டளை பெரிய ஆர் எழுத்தில் தொடங்குகிறது. வரித் தொடக்கத்தில் பெரிய ஆர் வந்தால் எஸ்_கிளையண்ட் அதைத் தனக்கான கட்டளை என்று எடுத்துக்கொண்டு டிஎல்எஸ் மறுபேச்சுக்குப் போய்விடும். சர்வர்தான் இணைப்பை முறிக்கிறது என்று நினைத்து வெகுநேரம் தேடுவோம். கட்டளையைச் சின்ன எழுத்தில் தட்டினாலும் தப்பிக்கலாம். எஸ்எம்டிபிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இஎச்எல்ஓ என்ற அறிமுகக் கட்டளையைச் சொன்னதும் சர்வர் தன் திறன்களைப் பட்டியலிடும். அதில் பார்க்க வேண்டியவை இரண்டு: ஆத் வரியில் என்னென்ன உள்நுழைவு முறைகள் இருக்கின்றன, சைஸ் வரியில் எத்தனை பைட் வரை அனுமதி. ஆத் ப்ளெய்னைக் கையால் சோதிப்பதானால், ஒரு சுழிய பைட், பயனர்பெயர், இன்னொரு சுழிய பைட், கடவுச்சொல் என்று கோத்து பேஸ்64 எனும் எழுத்து வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இதற்கு எக்கோ கட்டளையை அப்படியே பயன்படுத்தினால் கடைசியில் ஒரு புதுவரி எழுத்து ஒட்டிக்கொள்ளும்; கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவு மறுப்பான 535 வரும். பிரிண்ட்எஃப் பயன்படுத்துங்கள், ஆனால் கடவுச்சொல்லில் விழுக்காட்டுக் குறி இருந்தால் அதை இரட்டிக்க வேண்டும். இந்தச் சுற்றெல்லாம் வேண்டாம் என்றால் ஸ்வாக்ஸ் என்ற கருவி இருக்கிறது. ஒரே வரியில் முழு உரையாடலையும் நடத்தித் திரையில் காட்டும்.

இரண்டடுக்குச் சரிபார்ப்பு உள்ள கணக்குகளில் வழக்கமான கடவுச்சொல் இங்கே செல்லாது. ஜிமெயிலில் செயலிக் கடவுச்சொல் என்று 16 எழுத்தில் தனியாக ஒன்று உருவாக்க வேண்டும். சில நிறுவனக் கணக்குகளில் அதுவும் கிடையாது, ஓஆத்2 எனும் டோக்கன் முறை மட்டும்தான். அப்போது எளிதில் காலாவதியாகும் டோக்கனை ஒவ்வொரு முறையும் புதுப்பித்துத் தரும் ஒரு ஸ்கிரிப்ட் தேவைப்படும். எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற முடிவை இது ஒன்றே மாற்றிவிடக்கூடும். அதனால் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

மட் தானே பேசுவது

மிகக் குறைந்த வேலை இதில்தான். மட்டின் வி விருப்பத்தை ஓட்டி, யூஸ்_எஸ்எம்டிபி, யூஸ்_சாசல் இரண்டுக்கும் முன்னால் கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எஸ்எம்டிபி_யூஆர்எல் என்ற ஒரே அமைப்பு போதும். 465க்கு முகவரி 'எஸ்எம்டிபிஎஸ்' என்று தொடங்க வேண்டும். 587க்கு 'எஸ்எம்டிபி' என்று தொடங்கி, எஸ்எஸ்எல்_ஃபோர்ஸ்_டிஎல்எஸ் அமைப்பையும் இயக்க வேண்டும். இயக்காவிட்டால், சர்வர் ஸ்டார்ட்டிஎல்எஸ் தராதபோது மட் மறைகுறியாக்கம் இல்லாமலே தொடரக்கூடும்.

இணைப்பு இல்லை, கடவுச்சொல் தவறு, பெறுநரை மறுத்தது என எது நடந்தாலும் பிழை அங்கேயே திரையில் வரும். கடிதம் எழுதும் திரையில் அப்படியே காத்திருக்கும். எதுவும் மறைவதில்லை. விலை என்னவென்றால், பெரிய இணைப்புக் கோப்பு ஏறி முடியும்வரை மட் உறைந்து நிற்கும். கிட்டும் கிரானும் இந்த அமைப்பை அறியா. அவற்றுக்குத் தனித்தனியே கடவுச்சொல் எழுதிவைக்க வேண்டும்.

எஸ்எம்டிபி_யூஆர்எல் இருக்கும்வரை சென்ட்மெயில் என்ற அமைப்பை மட் பார்க்கவே பார்க்காது. நேரடி முறையைச் சோதித்துவிட்டு அடுத்த வழிக்கு மாறும்போது பழைய வரியை நீக்க மறந்தால், புதிய அமைப்பு நன்றாக ஓடுவதுபோலவே தெரியும். பதிவுக் கோப்பு மட்டும் காலியாக இருக்கும்.

சென்ட்மெயில் என்ற பெயர் மட்டும் நிலைத்தது

யூனிக்ஸ் நிரல்கள் அஞ்சலை ஒப்படைப்பதற்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு: சென்ட்மெயில் என்ற கட்டளையை அழைத்து, பெறுநர்களைக் கட்டளை வரியிலும் கடிதத்தை உள்ளீட்டிலும் கொடுப்பது. எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில் 1983இல் 4.2 பிஎஸ்டியோடு வந்தது. இன்று பெரும்பாலான கணினிகளில் அந்த நிரல் இல்லை; அதன் பெயரும் விருப்பங்களும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. போஸ்ட்ஃபிக்ஸ், எக்ஸிம் என்ற அஞ்சல் சர்வர்களும் எம்எஸ்எம்டிபியும் அந்தப் பெயரில்தான் வாசலில் நிற்கின்றன. கிரானும் அந்தப் பெயரைத்தான் தேடும். மட், கிட், கிரான் மூன்றுக்கும் ஒரே இடத்தில் கடவுச்சொல்லை வைக்க முடிவது இதனால்தான்.

எம்எஸ்எம்டிபி ஒரு சின்ன நிரல். அனுப்ப வேண்டிய கடிதங்களைச் சேர்த்துவைக்கும் வரிசை கிடையாது, பின்னணிச் சேவை கிடையாது. கூப்பிட்டதும் வெளிச்சர்வரோடு பேசும், சர்வர் 250 (ஏற்றுக்கொண்டேன்) சொன்னால் சுழியக் குறியீட்டோடு முடியும், இல்லையென்றால் பிழைக் குறியீட்டோடு முடியும். அந்தக் குறியீட்டை மட் பார்த்து, கடிதத்தைத் திரையிலேயே நிறுத்திக்கொள்ளும். நேரடி முறையின் நேர்மை இதிலும் இருக்கிறது.

வீட்டு அடைவில் உள்ள எம்எஸ்எம்டிபிஆர்சி கோப்பில் எழுதியது இவ்வளவுதான்:

டிஃபால்ட்ஸ்
ஆத் ஆன்
டிஎல்எஸ் ஆன்
டிஎல்எஸ்_ஸ்டார்ட்டிஎல்எஸ் ஆஃப்
லாக்ஃபைல் (வீட்டு அடைவில் ஒரு கோப்பு)
அக்கவுண்ட் முதன்மை
ஹோஸ்ட் (சர்வர் பெயர்)
போர்ட் 465
ஃப்ரம் (முழு அஞ்சல் முகவரி)
யூசர் (உள்நுழைவுப் பெயர்)
பாஸ்வேர்ட்இவால் (கடவுச்சொல்லை அச்சிடும் கட்டளை)
அக்கவுண்ட் டிஃபால்ட் : முதன்மை

கடவுச்சொல்லைக் கோப்பிலேயே எழுதினால் அனுமதி 600 ஆக இருக்க வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் எம்எஸ்எம்டிபி ஓட மறுக்கும். பாஸ்வேர்ட்இவால் வழியாக, ஜிபிஜி கருவியால் மறைகுறியாக்கிய கோப்பிலிருந்து எடுப்பது இதைவிட நல்லது. ஆனால் கிரானுக்கு அது ஒத்துவராது. இரவு வேலை ஓடும்போது ஜிபிஜி கடவுத்தொடரைக் கேட்கத் திரையும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை. கிரானுக்கென்று ரூட் மட்டும் படிக்கக்கூடிய தனி அமைப்புக் கோப்பு வேண்டும். முடிந்தால் அதற்கொரு தனிச் செயலிக் கடவுச்சொல்லும்.

மேலே உள்ள வரிகளில் அதிகம் பிசகுவது போர்ட்டும் டிஎல்எஸ்_ஸ்டார்ட்டிஎல்எஸ் வரியும் ஒத்துப்போகாதது. அறிகுறியை வைத்தே எது தவறு என்று சொல்லிவிடலாம். 465 கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டிஎல்எஸ்ஸை ஆன் செய்திருந்தால் பிழையே வராது, தொங்கி நிற்கும். 220 என்ற வணக்க வரிக்காக இந்தப் பக்கம் காத்திருக்கும். டிஎல்எஸ் தொடக்கத்துக்காகச் சர்வர் காத்திருக்கும். நேர எல்லை தீரும்வரை இரண்டும் மௌனம். மாறாக, 587 கொடுத்துவிட்டு ஆஃப் செய்திருந்தால் உடனே பிழை வரும்: எதிர்பாராத டிஎல்எஸ் பொட்டலம், அல்லது பதிப்பு எண் தவறு என்ற வகையில். டிஎல்எஸ் பதிப்பு பழையது போலிருக்கிறது என்று அந்தச் செய்தி நினைக்கவைக்கும். உண்மையில், சர்வர் வெறும் எழுத்தில் சொன்ன 220 வணக்கத்தை டிஎல்எஸ் பொட்டலமாகப் படிக்க முயன்று தோற்றதுதான் அது.

டெபியனிலும் உபுண்டுவிலும் எம்எஸ்எம்டிபிக்கு, ஒரு நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர் காவல் இருக்கக்கூடும். கோப்பு அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் பதிவுக் கோப்பில் எழுத முடியவில்லை, அல்லது கடவுச்சொல் கட்டளை ஓடவில்லை என்றால் கர்னல் பதிவில் ஆப்ஆர்மர் மறுப்பைத் தேடுங்கள்.

மட்டில் இரண்டு வரி. சென்ட்மெயில் அமைப்பில் எம்எஸ்எம்டிபியின் முழுப்பாதை. யூஸ்_என்வலப்_ஃப்ரம் அமைப்பு யெஸ். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே கணக்கு இருக்கும்வரை குறை தெரியாது. அலுவலகக் கணக்கு ஒன்று சேரும்போதுதான் சிக்கும்: கடிதத்தின் தலைப்புக்கு வெளியே தனியாகத் தரப்படும் அனுப்புநர் முகவரியை, அதாவது உறை முகவரியைப் பார்த்துத்தான் எந்தக் கணக்கு என்று எம்எஸ்எம்டிபி தீர்மானிக்கிறது. முகவரி எதுவும் வராவிட்டாலோ எதனோடும் பொருந்தாவிட்டாலோ டிஃபால்ட் கணக்கு வழியாக அமைதியாக அனுப்பிவிடும். அலுவலகக் கடிதம் சொந்தக் கணக்கின் சர்வர் வழியாகப் போய், மறுமுனையில் எஸ்பிஎஃப் ஒத்துவராமல் குப்பை அடைவில் விழும். கிட்டிலும் இதே கதைதான். சென்ட்இமெயில் பிரிவில் எஸ்எம்டிபிசர்வர் என்பதற்கு எம்எஸ்எம்டிபியின் முழுப்பாதையையும், என்வலப்சென்டர் என்பதற்கு ஆட்டோ என்பதையும் கொடுங்கள்.

சர்வர் 504 கொடுத்து முழுமையான கணினிப் பெயர் வேண்டும் என்று சொன்னால், குற்றம் இஎச்எல்ஓவில். எம்எஸ்எம்டிபி இயல்பாக 'லோக்கல்ஹோஸ்ட்' என்றுதான் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். டொமைன் என்ற வரியில் ஒரு முழுப்பெயரைக் கொடுத்தால் தீரும். கிரானின் கடிதங்கள் வெறும் 'ரூட்' என்ற பெறுநருக்குப் போக முயன்று மறுக்கப்பட்டால் அலியாசஸ் வரியைச் சேர்த்து, ரூட்டுக்கு ஒரு முழு முகவரியைக் காட்டுங்கள்.

மறைநகல் பெறுநர்களைக் குறிக்கும் பிசிசி தலைப்பு வெளியே தெரிந்துவிடுமோ என்று ஒரு கவலை எப்போதும் உண்டு. எம்எஸ்எம்டிபி அந்தத் தலைப்பை இயல்பாகவே நீக்கிவிடும். போஸ்ட்ஃபிக்ஸும் அப்படியே நீக்குகிறது. எக்ஸிமோ, பெறுநர்கள் கட்டளை வரியில் வந்தால் தலைப்பைத் தொடாது. எக்ஸிம் உள்ள கணினியில் மட்டின் ரைட்_பிசிசி அணைந்திருப்பதை உறுதிசெய்யுங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸ்: வரிசையோடு

வரிசை வேண்டுமென்றால் கணினியிலேயே ஓர் அஞ்சல் சர்வர். போஸ்ட்ஃபிக்ஸை, இதே கணினிக்குள்ளிருந்து மட்டும் எட்டக்கூடிய லூப்பேக் முகவரியில் மட்டும் கேட்கும்படி வைத்து, எல்லாவற்றையும் வெளிச்சர்வருக்குக் கடத்தச் சொன்னால் போதும். மெயின் கோப்பில் இனெட்_இன்டர்ஃபேசஸ் அமைப்புக்கு லூப்பேக்-ஒன்லி. ரிலேஹோஸ்ட் அமைப்பில் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் இட்டு, முக்காற்புள்ளி போட்டு போர்ட் எண். எஸ்எம்டிபி_சாசல்_ஆத்_எனேபிள் யெஸ். எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_செக்யூரிட்டி_லெவல் என்க்ரிப்ட். 465 என்றால் எஸ்எம்டிபி_டிஎல்எஸ்_ராப்பர்மோட் யெஸ், இது 3.0இலிருந்து உண்டு. எஸ்எம்டிபி_சாசல்_செக்யூரிட்டி_ஆப்ஷன்ஸ் அமைப்பில் நோஅனானிமஸ் மட்டும் இருக்கட்டும். இயல்பான மதிப்பில் நோப்ளெய்ன்டெக்ஸ்ட்டும் சேர்ந்திருப்பதால் ஆத் ப்ளெய்ன் வேலை செய்யாது.

சதுர அடைப்பு அலங்காரம் அல்ல. அது இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை எங்கே கொடுப்பது என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் தேடி, அஞ்சல் பெறும் வேறு கணினியிடம் போய் நிற்கலாம். சாசல்_பாஸ்வேர்ட் கோப்பின் முதல் பத்தியிலும் அடைப்பு, போர்ட் உட்பட அதே எழுத்து வரிசைதான் இருக்க வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் போஸ்ட்ஃபிக்ஸ் கடவுச்சொல் இல்லாமலே அனுப்பப் பார்க்கும், முதலில் உள்நுழை என்று சர்வர் 530 சொல்லும். கோப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் போஸ்ட்மேப் ஓட்ட வேண்டும். மூலக் கோப்பும் அதிலிருந்து பிறக்கும் டிபி கோப்பும் 600 அனுமதியில் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் பயன்படுத்தத்தக்க முறை எதுவும் இல்லை என்ற பிழை வந்தால், டெபியனில் லிப்சாசல்2-மாட்யூல்ஸ் பொதி நிறுவப்படவில்லை என்று பொருள்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன ஐந்து நாளுக்கு வருவோம். போஸ்ட்ஃபிக்ஸின் சென்ட்மெயில், கடிதம் வரிசையில் விழுந்ததுமே சுழியக் குறியீட்டோடு முடிந்துவிடும். மட் அதைப் பார்த்துப் போய்விட்டது என்று சொல்லிவிடும். பிறகு கடவுச்சொல் தவறு என்று சர்வர் 535 சொல்கிறது. 5இல் தொடங்கும் எண் நிரந்தரத் தோல்வி, கடிதம் உடனே திரும்ப வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் எஸ்எம்டிபி_சாசல்_ஆத்_சாஃப்ட்_பவுன்ஸ் இயல்பாக இயங்கும் நிலையில் இருப்பதால், உள்நுழைவுத் தோல்வியைப் போஸ்ட்ஃபிக்ஸ் தற்காலிகமானதாகவே எடுத்துக்கொள்கிறது. கடவுச்சொல்லை யாராவது திருத்துவார்கள் என்ற நல்லெண்ணம். 300 வினாடியில் தொடங்கி 4000 வினாடி வரை இடைவெளி விட்டு விட்டு, மேக்ஸிமல்_கியூ_லைஃப்டைம் சொல்லும் ஐந்து நாள் முழுதும் முயன்றுகொண்டிருக்கும். தாமத எச்சரிக்கைக்கான டிலே_வார்னிங்_டைம் இயல்பில் சுழியம், அதாவது எச்சரிக்கை கிடையாது.

அதை ஒரு மணி நேரமாக மாற்றினால் தீர்ந்ததா என்றால், இல்லை. எச்சரிக்கையும் ஓர் அஞ்சல்தான். அது போக வேண்டிய முகவரி வெளிச்சேவையில் இருக்கிறது. போகும் வழி அதே ரிலேஹோஸ்ட், அதே தவறான கடவுச்சொல். ஆகவே எச்சரிக்கையும் அதே வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும். வழி சரியாக இருக்கும்போதுகூட, திரும்பும் அறிவிப்புகளின் உறையில் அனுப்புநர் காலியாக இருப்பதால், காலி அனுப்புநரை ஏற்காத சர்வர் அவற்றைத் தள்ளிவிடும். இதற்கு அஞ்சலைச் சாராத ஒரு கண் வேண்டும்: முனையம் திறக்கும்போதெல்லாம் மெயில்கியூ ஓடி, வரிசை காலியாக இல்லையென்றால் ஒரு வரி காட்டும்படி ஷெல் தொடக்கக் கோப்பில் எழுதிவைத்தோம். திருத்தியபின் போஸ்ட்கியூ கட்டளையை எஃப் விருப்பத்தோடு ஓட்டினால் காத்திருப்பவை உடனே கிளம்பும்.

மடிக்கணினிக்கே உரிய கோளாறு ஒன்றும் உண்டு. டெபியன் வழி வந்த பல பதிப்புகளில் போஸ்ட்ஃபிக்ஸின் அனுப்பும் பகுதி தன் வரிசை அடைவுக்குள் பூட்டப்பட்டு ஓடும். சர்வர் பெயர்களை யாரிடம் கேட்டறிவது என்று குறிக்கும் ரிசால்வ் கோப்பின் ஒரு நகலை உள்ளே வைத்துக்கொண்டு அதைத்தான் படிக்கும். கணினி எழும்போது நெட்வொர்க் இல்லாமல் இருந்து பிறகு வந்தால், நகல் பழையதாகவே கிடக்கும். உலாவி ஓடும், எல்லாம் ஓடும், போஸ்ட்ஃபிக்ஸ் மட்டும் சர்வர் பெயர் கிடைக்கவில்லை என்று பதிவில் புலம்பும். சேவையை மறுதொடக்கம் செய்தால் அப்போதைக்குச் சரியாகும். நிரந்தரத் தீர்வுக்கு மாஸ்டர் கோப்பில் எஸ்எம்டிபி என்று தொடங்கி யூனிக்ஸ் வகை என்று குறித்த வரியின் குரூட் பத்தியை என் என்று மாற்றுங்கள்.

இணைப்புக் கோப்பு பெரிதாக இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த வரம்பு முதலில் தடுக்கும்: 1,02,40,000 பைட். பேஸ்64இல் 57 பைட், வரிமுடிவோடு 78 பைட்டாக வீங்குகிறது. ஆக, சுமார் 74 லட்சம் பைட்டுக்கு மேற்பட்ட கோப்பு உள்ளே நுழையாது. மெசேஜ்_சைஸ்_லிமிட்டைக் கூட்டலாம், ஆனால் முதலில் பார்த்த சைஸ் வரியின் எண்ணைத் தாண்டவிடாதீர்கள். தாண்டினால் உள்ளூரில் ஏற்கப்பட்டு வெளியே மறுக்கப்படும்.

எது எங்கே

ஆள் முன்னால் உட்கார்ந்து அனுப்பும் கணினிக்கு எம்எஸ்எம்டிபி. தோல்வியைப் பார்க்க அங்கே ஒருவர் இருக்கிறார். அவரிடமே உடனே சொல்வதுதான் சரி. அடிக்கடி இணைப்பில்லாமல் எழுதுபவருக்கு எம்எஸ்எம்டிபியோடு வரும் வரிசை ஸ்கிரிப்ட்டுகள் உதவும், ஆனால் இணைப்பு வந்ததும் வரிசை தானாகக் காலியாகாது. ஆளில்லாமல் ஓடும் சர்வருக்குப் போஸ்ட்ஃபிக்ஸ்: இரவு இரண்டு மணிக்கு வெளிச்சர்வர் தற்காலிக மறுப்பான 421 சொன்னால், எம்எஸ்எம்டிபியில் கிரானின் கடிதம் அங்கேயே தொலையும், போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருந்து மறுபடி அனுப்பும். மடிக்கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் வைப்பது தவறல்ல, மெயில்கியூ பார்க்கும் பழக்கம் இருந்தால். நேரடி எஸ்எம்டிபி, மட் ஒன்றை மட்டும் பயன்படுத்துபவருக்கு.

போஸ்ட்ஃபிக்ஸுக்குப் போனாலும் மட்டின் சென்ட்மெயில்_வெயிட் அமைப்பைச் சுழியத்திலேயே விடுங்கள். எதிர்ம எண் கொடுத்தால் மட் முடிவுக்குக் காத்திருக்காது. எம்எஸ்எம்டிபியோடு அப்படி வைத்தால் அதன் பிழைக் குறியீட்டைப் படிக்க ஆளே இல்லாமல் போகும்.

வழியை மாற்றிய பிறகு அனுப்பிய கடிதங்களின் அடைவையும் ஒருமுறை பாருங்கள். சென்ட்மெயில் கட்டளை நகல் எதையும் சேமிப்பதில்லை. அது மட்டின் ரெக்கார்ட் அமைப்பின் வேலை. ஜிமெயில் சர்வரோ தன் வழியாகப் போகும் கடிதத்தைத் தானே அனுப்பியவற்றில் சேர்த்துவிடும். இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு கடிதமும் இரண்டிரண்டாக நிற்கும். அந்தக் கணக்குக்கு மட்டும் ரெக்கார்டைக் காலியாக விடுங்கள்.